வால் பக்கத்து எடை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பிச்சுமணியின் சுக்குக் கிடங்கில் எடை சொல்கிறவள் ஷம்சியா. பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறாள். மூட்டை தராசில் ஏறும். அவள் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாள். எண் அவள் வாயிலிருந்து வரும். விற்க வந்தவனின் ஆள் ஒரு பக்கமும், வாங்க வந்தவனின் ஆள் ஒரு பக்கமும் அதை எழுதிக்கொள்வார்கள். மூட்டை இறங்கும், அடுத்தது ஏறும்.

அவள் சொல்லும் எண்ணும் தராசு காட்டும் எண்ணும் ஒன்றல்ல. சாக்கின் எடை போக மீதியைத்தான் அவள் சொல்வாள். புதுச் சாக்கு ஒரு கிலோவுக்குப் பக்கம் வரும். நாலு தடவை மலையேறி இறங்கிய பழஞ்சாக்கு எழுநூறு கிராம்தான் இருக்கும். மழையில் நனைந்து வந்த சாக்கு ஒன்றரைகூடப் போகும். எந்தச் சாக்குக்கு எவ்வளவு என்று அவள் யோசிப்பதில்லை. கண் பார்த்ததும் நாக்கு கழித்துவிடும். ஆரம்பத்தில் அந்தக் கணக்கு தலைக்குள் நடந்திருக்கும். இப்போது மூச்சு விடுவது போல ஆகிவிட்டது.

அவளுடைய வாப்பா பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மளிகைக் கடையில் நின்றவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு பிச்சுமணியின் கிடங்கில் சுக்குப் புடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு மழைக்காலத்தில் எடை சொல்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக நின்றவன் ஒரு மூட்டைக்கு நாற்பத்தெட்டு என்று கூவ, முறத்தோடு உட்கார்ந்திருந்த ஷம்சியா புடைப்பதை நிறுத்தாமலே, "அது ஈரச் சாக்கு. நாப்பத்தேழரைக்கு மேல சொல்லாதே" என்றாள். பிச்சுமணி அந்தச் சாக்கைக் காலி செய்து தனியாக நிறுத்துப் பார்த்தார். ஒன்றரைக் கிலோ. மறுநாள் காலையில் முறத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு அவளைத் தராசுப் பக்கம் வரச் சொன்னார்.

அந்தக் கிடங்கில் எழுதாத சட்டங்கள் ரெண்டு உண்டு. தராசு வெளியே போனால் எடை சொல்கிற ஆளும் கூடவே போக வேண்டும். சொன்ன எடையை மறுபடி சொல் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அவளை நம்பவில்லை என்று பொருள். நம்பாதவன் வேறு கிடங்குக்குப் போகலாம்.

இப்படிப்பட்டவள் விமானத்துக்கு எடை சொல்லப் போனதுதான் கதை.

தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார் ஆஸிம். அவருக்கு விமானம் ஓட்டும் உரிமம் உண்டு. வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் படித்து வாங்கியது. ஊருக்குத் திரும்பியதும், எங்கோ கொட்டகையில் மூடிக் கிடந்த ஒரு பழைய விமானத்தை வாங்கினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் கட்டியது. ரெண்டே இருக்கை. குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, அது விறைக்க மருந்து பூசிய உடம்பு, மேலே இறக்கை, முன்னால் ரெண்டு சக்கரம், வாலடியில் பொடிச் சக்கரம் ஒன்று. பட்டறைப் பையன்கள் அதற்குத் தும்பி என்று பெயர் வைத்தார்கள்.

தும்பியின் எஞ்சினுக்குத் தொண்ணூறு குதிரைச் சக்தி. ஆஸிம் தனியாக உட்கார்ந்தால் எப்படியோ ஏறிவிடும். அவர் தொண்ணூற்றாறு கிலோ. ஒரு சித்திரை வெயிலில், பொள்ளாச்சிக்கு அப்பால் உள்ள ஒரு தனியார் ஓடுபாதையில், பக்கத்தில் மனைவி நௌஷிதாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தும்பி பாதை முழுக்க ஓடியது, குதித்தது, இருமியது, எழவில்லை. கடைசியில் நௌஷிதாவை இறக்கிவிட்டுவிட்டு அவர் மட்டும் பறந்தார். வேலை பார்க்கிறவர்கள் முன்னால் அவள் வெயிலில் தனியாக நின்றாள்.

"ஒண்ணு எஞ்சின மாத்துங்க, இல்ல நீங்க தின்னுற சோறக் கொறைங்க. ரெண்டும் பத்தாதுன்னா பொண்டாட்டிய மாத்துங்க" என்றாள் திரும்பி வரும் வழியில்.

ஆஸிம் எஞ்சினை மாற்றினார்.

மாற்றுவது என்றால் பல்பு மாற்றுவது போலில்லை. புது எஞ்சின் நூற்றிப் பதினைந்து குதிரை. அதைத் தாங்கும் சட்டத்தைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும், அதற்கேற்ற காற்றாடி வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தில்லியிலிருந்து அனுமதி வர வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து கோவிந்த் என்ற இஞ்சினியர் வந்தான். முப்பத்திரண்டு வயசு. விமானத்தில் கையெழுத்துப் போட உரிமை உள்ளவன். மட்டாஞ்சேரியில் காலியாகக் கிடந்த ஒரு கயிற்றுக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, அதற்குள் தும்பியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒன்றேமுக்கால் வருஷம் போயிற்று. துணியையும் உரித்துப் புதிதாகப் போர்த்தினார்கள். எஞ்சின் ஏறியது, ஓடியது. மிச்சம் இருந்தது எடை.

புது எஞ்சின் பழையதைவிட இருபது கிலோ கூடுதல். அந்த இருபதும் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. மூக்கு எவ்வளவு கனம், வால் எவ்வளவு கனம் என்று பார்க்காமல் பறக்கக் கூடாது. மூன்று சக்கரத்துக்கும் அடியில் மூன்று தராசு வைத்து நிறுக்க வேண்டும்; அந்தத் தராசுகளுக்கு அரசாங்க முத்திரை இருக்க வேண்டும். பெங்களூரில் கேட்ட தராசு வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். ஆஸிம் நேரே பிச்சுமணியிடம் போனார்.

"தராசு தர்றதுல விரோதமில்லை" என்றார் பிச்சுமணி. "போன மாசம்தான் முத்திரை போட்டுண்டு வந்தது. ஆனா ஷம்சியா கூட வருவா. தெரியுமோல்லியோ?"

"வரட்டும் சாமி. எங்க நௌஷிதாவுக்கும் பேச ஆளாச்சு."

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று தராசுகளோடு வேனில் போய் இறங்கினாள் ஷம்சியா. இத்தனை பெரிய பொருளை அவள் நிறுத்ததில்லை. துணியில் தட்டிப் பார்த்தாள். பப்படம் மாதிரி விறைப்பாக இருந்தது.

"இதுலயா மனுசன் போறது?" என்றாள் நௌஷிதாவிடம்.

"நான் போகப் போறேன் இத்தா. அதுக்குத்தானே இந்தப் பாடெல்லாம்."

கோவிந்த் மரியாதையான பையன். கிடங்கின் கதவுகளைச் சாத்தச் சொன்னான். காற்று அடித்தால் இறக்கை தூக்கும், எடை பொய் சொல்லும். அவனே அவளிடம் விஷயத்தையும் விளக்கினான்.

"மூக்கு கனமா இருந்துச்சுன்னா எந்திரிக்க மாட்டேங்கும், எறங்கறப்பவும் சிரமம். ஆனா அதையாவது சமாளிச்சுக்கலாங்க்கா. வால் கனமாயிருச்சுன்னா அவ்வளவுதான். மூக்கு மேல பாத்துட்டு நிக்கும், கீழ வராது. வேகம் போயிரும். அப்படியே விழுந்துரும்."

"எவ்வளவு கனம் கூடினா?"

"வாலு ரொம்பத் தூரத்துல இருக்குதுங்களே. அங்க ஒரு கிலோன்னாலும் பெரிய கிலோதான்."

சும்மா நிற்கும்போது தும்பியின் வால் தரையோடு தாழ்ந்துதான் இருக்கும். நிறுக்கும்போது பறக்கிற மாதிரி மட்டமாக நிற்க வேண்டும். அதற்காகப் படகு ஆசாரி ஒருவரிடம் சொல்லி உயரமான ஒரு முக்காலி செய்து வைத்திருந்தார்கள். முதலில் அந்த முக்காலியைத் தனியாகத் தராசில் வைத்தார்கள். ஷம்சியா "ஆறு" என்றாள். கோவிந்த் எழுதிக்கொண்டான். பிறகு முக்காலியை வால் பக்கத்துத் தராசின் மேல் வைத்து, நாலு பேர் வாலைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தார்கள். கோவிந்த் ரசமட்டத்தோடு விமானத்துக்குள் ஏறிக் குனிந்துகொண்டான். குமிழி நடுவுக்கு வந்ததும் குரல் கொடுத்தான்.

"சரிங்க்கா, சொல்லுங்க!"

"இடது, எரநூத்தி ஒரு கிலோ அறுநூறு. வலது, எரநூத்தி ஒண்ணு." இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போய், அங்கிருந்து வாலுக்கு நடந்தாள். "வாலு, பதினேழு நானூறு."

அவன் உள்ளிருந்தபடியே எழுதினான். பிறகு தலையை நீட்டி, "வாலை மட்டும் இன்னொருக்கா சொல்றீங்களா?" என்றான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பஜார் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சுமைக்காரர் இருமினார்.

"காது கேக்கலையா தம்பி, இல்ல நம்பிக்கை போதலையா?" என்றாள் ஷம்சியா.

"ஐயோ, அப்படியில்லங்க்கா. பதினேழு நானூறு. எழுதிட்டேனுங்க."

எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். தராசுகள் வேனில் ஏறின. நௌஷிதா கொடுத்த சாயாவையும் பழம்பொரியையும் சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் ஷம்சியா தன் சுக்கு மூட்டைகளிடம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆஸிம் கிடங்குக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. கையில் ஒரு பிஸ்கட் தகரம், அதற்குள் மீன் வலைகளில் கோக்கும் ஈயக் குண்டுகள்.

"இதை ஒண்ணு நிறுத்துத் தா ஷம்சி. நாலு கிலோ வேணும்."

"வலையா பின்னப் போறீங்க?"

"வாலுல கட்டணும். மூக்கு கனமா இருக்காம். கோவிந்த் ராத்திரி பூரா கணக்குப் போட்டிருக்கான். வாலுல பதினொண்ணு நானூறுதான் இருக்காம், அது போதாதாம். ஈயம் வெச்சாத்தான் கையெழுத்துப் போடுவானாம். என்ன செய்ய? எஞ்சினைத் தூக்கிப் போட முடியுமா? எறக்கையைக் கழட்ட ஆரம்பிச்சாச்சு. நாளைக்குப் பொள்ளாச்சிக்கு லாரி."

அவள் தகரத்தைச் சின்னத் தராசில் வைத்தாள். "நாலு."

ஆஸிம் எட்டிப் பார்த்தார். "நாலு முன்னூறுன்னு அல்லே காட்டுது?"

"தகரத்தையும் வெமானத்துல ஏத்தப் போறீங்களா இக்கா?"

"அது சரிதான்!" அவர் சிரித்துக்கொண்டே தகரத்தை இடுக்கிக்கொண்டு போனார்.

அடுத்த மூட்டை தராசில் ஏறியது. ஷம்சியா வாயைத் திறந்தாள். எண் வரவில்லை.

எழுதக் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பதினேழு நானூறு என்று சொன்னது நினைவிருந்தது. ஆனால் தராசில் எரிந்த எண் என்ன? அதை நினைத்துப் பார்த்தாள். சிவப்பாக ஏதோ எரிந்தது. இருபதா, இருபத்து மூன்றா, பதினேழா? ஒன்றும் தெரியவில்லை. முந்தாநாள் நிறுத்த முந்நூறு மூட்டைகளில் ஒன்றுக்காவது தராசு காட்டிய எண் அவளுக்கு நினைவிருக்கிறதா? இல்லை. சொன்ன எண்தான் நிற்கும், பார்த்த எண் நிற்காது. தகரத்தைக் கழித்த நாக்கு முக்காலியை மட்டும் விட்டிருக்குமா? அவள் கழித்திருந்தால், அந்தப் பையன் அதற்கு மேல் இன்னொரு ஆறு கிலோ கழித்திருக்கிறான். அப்படியானால் மூக்கு கனமே இல்லை. கனமில்லாத மூக்குக்காக வாலில் நாலு கிலோ ஈயம் கட்டப் போகிறார்கள்.

"ஷம்சீ, எடை!" என்றான் யாரோ.

சொன்னாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பிச்சுமணியிடம் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தீர்மானமாத் தெரியுமோ நோக்கு?"

"தெரியாது சாமி. அதுதான் பயம்."

"தெரியாததை ஏன் போய்ச் சொல்லணும்? அந்தப் பையன் படிச்சவனாக்கும். கணக்கு அவன் பாடு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இதோ பார். ஷம்சியா சொன்ன எடை தப்புன்னு ஒரு தடவை பஜார்ல விழுந்துதுன்னு வை. அப்புறம் பத்தொம்பது வருஷத்துச் சாக்கையும் எவனாவது கிளறுவான். நாளைக்கு உன்னைத் தராசுல நிறுத்தப்படாதுன்னு நாலு பேர் வந்து சொன்னா நான் என்ன பண்றது? மறுபடியும் முறத்தை எடுத்துண்டு உட்காருவியா?"

அவர் மிரட்டவில்லை. நடக்கப் போவதைத்தான் சொன்னார்.

சாயங்காலம் ரஷீது பள்ளுருத்தி சவாரியை முடித்துக்கொண்டு ஆட்டோவோடு கிடங்கு வாசலுக்கு வந்தான். அவள் புருஷன் அவன். தினமும் இந்த நேரத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போவான். ஏறி உட்கார்ந்தவள் பாதி வழி பேசவில்லை.

"எந்தா, வாய்க்குப் பூட்டா?"

சொன்னாள். அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"கழிச்சியா, இல்லையா?"

"கழிச்சிருப்பேன். கழிக்காம எனக்குச் சொல்லத் தெரியாதே."

"பின்னே?"

"சொன்னா வேலை போகும்."

ரஷீது கொஞ்ச நேரம் கைப்பிடியில் தாளம் போட்டான். "ஒருக்கா பிரேக் புடிக்கலேன்னு தெரிஞ்சும் நான் ஒரு சவாரிய ஏத்திட்டேன். தோப்பும்படிப் பாலம் எறங்குற வரைக்கும் எனக்கு உசிரில்ல. ஒண்ணும் ஆகல. ஆனா அந்தப் பாலத்துல எறங்குறப்ப இன்னிக்கும் பிரேக்க ரெண்டு தடவ மிதிச்சுப் பாப்பேன். வேலை போனா வேற வேலை. வண்டியத் திருப்பட்டுமா?"

"திருப்புங்க."

கயிற்றுக் கிடங்கில் ஒரு இறக்கையைக் கழற்றித் தரையில் பாய்மேல் கிடத்தியிருந்தார்கள். இன்னொன்றின் திருகாணிகளைப் பட்டறை ஆட்கள் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். கோவிந்த் வாலுக்குள் கையை விட்டு ஈயத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். ஷம்சியாவைப் பார்த்ததும் ஆஸிம், "வா வா, வழியனுப்ப வந்தியா?" என்றார்.

"தம்பி, அந்தக் கையை வெளியே எடு" என்றாள் அவள். "நேத்து வாலுக்குப் பதினேழு நானூறு சொன்னேனே. அதுல முக்காலி போச்சா, போகலையான்னு எனக்குத் தெரியல. நான் கழிச்சுத்தான் சொல்லியிருப்பேன்னு தோணுது. நீயும் கழிச்சியா?"

கோவிந்தின் கை வாலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"கழிச்சேங்க்கா. தராசு காட்டுறதைத்தானே நீங்க சொல்லுவீங்கன்னு..." மெதுவாகக் கையை எடுத்து, துணியில் துடைத்து, பையிலிருந்து நோட்டை உருவினான். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "பழைய எடை நானூறு. எஞ்சினுக்கு இருபது. நானூத்தி இருபது வரணும். நானூத்திப் பதினாலுதான் வந்துச்சு. ஆறு கிலோ எங்கேன்னு நானும் தேடுனேன். பழைய துணி மேல அம்பது வருசத்துப் பெயிண்ட் இருந்துச்சே, அது போனதுன்னு எழுதி வெச்சுட்டேன்."

"அப்ப ஈயம்?" என்றாள் நௌஷிதா. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்திருந்தாள்.

அவள் ஈயம் இருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு தான் உட்காரப் போகிற இருக்கையைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா நிறுக்கணும்" என்றாள் ஷம்சியா. "நான் ஞாபகத்துல சொல்றது வேண்டாம். தராசு சொல்லட்டும்."

"எறக்கைய மறுபடி மாட்டணும்" என்றார் ஆஸிம். பட்டறை ஆள் ஒருவன் வாய்க்குள் ஏதோ முனகினான். முந்தின நாளே வந்துவிட்டிருந்த லாரி டிரைவர், "நான் என்ன, ஞாயிறு வரைக்கும் இங்க கெடக்கணுமா?" என்றான்.

"கெடங்க. ரெண்டு வேளை சோறு நான் போடுறேன்" என்றாள் நௌஷிதா.

கோவிந்த் ஷம்சியாவிடம் வந்தான். "பாதித் தப்பு என்னுதுங்க்கா. நான் எறங்கி வந்து நம்பரப் பாத்திருக்கோணும். சந்தேகம் வந்துச்சு, கேட்டேன். எல்லாரும் சிரிச்சதும் கூச்சப்பட்டு விட்டுட்டேன்."

"சிரிக்க வெச்சது நான்தானே" என்றாள் அவள்.

வியாழக்கிழமை மத்தியானம் தும்பி மறுபடி இறக்கையோடு நின்றது. ஈயத்தை எடுத்துவிட்டார்கள். பிச்சுமணி தராசு தர மாட்டார் என்று ஷம்சியா பயந்திருந்தாள். தந்தார், தானும் கூடவே வந்து, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். விஷயம் எப்படியோ பரவி, செவ்வாய்க்கிழமை வந்ததைவிட ரெண்டு மடங்கு கூட்டம். கதவைச் சாத்தினார்கள். வால் முக்காலியில் ஏறியது. இந்த முறை கோவிந்த் குமிழியைப் பார்க்க இன்னொருவனை உள்ளே விட்டுவிட்டு, வால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

ஷம்சியாவும் பக்கத்தில் குனிந்தாள். எண்ணை ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தாள்.

"தராசு காட்டுறது இருபத்து மூணு நானூறு" என்றாள். கிடங்கு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "முக்காலி ஆறு. போக, பதினேழு நானூறு. செவ்வாய்க்கிழமை நான் கழிச்சுத்தான் சொன்னேன். கழிச்சேன்னு சொல்லாம விட்டது என் தப்பு."

கோவிந்த் அங்கேயே தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். ரெண்டு தடவை போட்டான். மூன்றாம் தடவை போடும்போது ஆஸிம் பொறுமையிழந்து, "எடா, வாயத் தொற" என்றார்.

"ஈயம் வேண்டாங்க. எல்லைக்குள்ள நல்லா இருக்குது." அவன் நோட்டை மூடினான். "ஈயத்தோட ரெண்டு பேரு ஏறி, பெட்ரோலும் பாதி கொறைஞ்சிருந்துச்சுன்னா வால் கனமாகி, எல்லையத் தாண்டியிருக்குமுங்க."

நௌஷிதா ஷம்சியாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிச்சுமணி எழுந்தார், வேஷ்டியைச் சரி செய்தார். "சரி, தராசை ஏத்துங்கோ. மூட்டை காத்துண்டிருக்கு" என்றார். அவர் மனசில் என்ன இருக்கிறதென்று ஷம்சியாவுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் சொன்னது நடந்தது. அன்றைக்கு வந்த முதல் ஆள் ராஜப்பன். இடுக்கிப் பக்கத்திலிருந்து சுக்கு வாங்கி வந்து பன்னிரண்டு வருஷமாக இங்கே விற்கிறவர். ஷம்சியா முதல் மூட்டைக்கு எடை சொன்னதும் கையை உயர்த்தினார்.

"நில்லு. வெமானத்துக்கு மட்டும்தானா ரெண்டு தடவ? சுக்குக்கு இல்லையா?"

கிடங்கு அவளைப் பார்த்தது. பிச்சுமணி மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். போன வாரமென்றால் ராஜப்பன் வேறு கிடங்கு தேடியிருக்க வேண்டும்.

"இருக்கே சேட்டா" என்றாள். "மூட்டையை மறுபடி வைங்கப்பா. தராசு ஐம்பது கிலோ நூறு. சாக்கு எழுநூறு. போக, நாப்பத்தொம்பது நானூறு."

ராஜப்பன் புருவத்தைச் சுருக்கினார். "சாக்குக்கு எழுநூறா கழிக்கிறே?"

"பழஞ்சாக்கு. அவ்வளவுதானே இருக்கும்?"

"நான் இத்தனை வருசமா ஒரு கிலோ போகுதுன்னு அல்லே நெனச்சிருந்தேன்! ஒவ்வொரு மூட்டைக்கும் உன்னை மனசுக்குள்ள திட்டியிருக்கேன் பெண்ணே."

"கேட்டிருக்கலாமே?"

"கேக்க விட்டியா நீ?"

சுமைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷம்சியாவுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குப் பதினோரு பேர் மறுபடி நிறுக்கச் சொன்னார்கள். சாயங்காலம் அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒரு எண்ணும் மாறவில்லை. சனிக்கிழமை நாலு பேர் கேட்டார்கள். திங்கட்கிழமை ஒருவன், அவனும் சும்மா வம்புக்கு. அதற்குள் அவள் மூன்று எண்ணையும் சேர்த்தே சொல்லப் பழகிவிட்டாள். தராசு, சாக்கு, மீதி. மூட்டைக்கு ரெண்டு நொடி கூடுதலாகிறது என்று பிச்சுமணி முணுமுணுத்தார். ஆனால் முறத்தைப் பற்றிப் பேசவில்லை. எதிர்க் கிடங்கில் எடை சொல்கிறவனிடமும் விற்க வருகிறவர்கள் அப்படியே சொல்லும்படி கேட்கிறார்களாம் என்று ஒரு நாள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டுத்தான் என்று ரஷீது சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் நௌஷிதா காரோடு ஷம்சியாவின் வீட்டு வாசலில் நின்றாள். "வா இத்தா. நீ வராம நான் ஏற மாட்டேன்."

பொள்ளாச்சிக்கு அப்பால் ஓடுபாதையின் ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. முதலில் ஆஸிம் தனியாகப் பறந்தார். மூன்று சுற்று. இறங்கியதும் கோவிந்த் மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் தலையை விட்டான், எண்ணெய் பார்த்தான், திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தான். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு நௌஷிதாவைப் பார்த்துத் தலையாட்டினான். வெயில் ஏறிவிட்டிருந்தது. அவள் தலையில் போட்டிருந்த தட்டத்தை இறுகச் சுற்றிக்கொண்டு, ஒரு கணம் நின்று, ஏறினாள்.

ஷம்சியா பாதையோரத்தில் கோவிந்தின் பக்கத்தில் நின்றாள். தும்பி தூரத்து முனையில் திரும்பி நின்று உறுமியது. பிறகு வந்தது. எல்லாரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாலைப் பார்த்தாள். தரையில் உரசி வந்த பொடிச் சக்கரம் லேசாக மேலே எழுந்தது. அதிகம் எழவில்லை, ஆடவில்லை. முதுகு மட்டமாயிற்று. அவர்களைக் கடக்கும்போது முன் சக்கரங்களுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பாதையில் பாதிகூட முடியவில்லை.

"எழுந்துருச்சு" என்றான் கோவிந்த், தனக்குத்தானே.

தும்பி தென்னை உயரத்தைத் தாண்டியது. இன்னும் ஏறியது. மலைப் பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது இறக்கையில் வெயில் பட்டுப் பளிச்சென்றது. சத்தம் குறைந்துகொண்டே போய், காற்றில் ஓலை அசைவது கேட்டது. ஷம்சியா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அது கறுப்புப் புள்ளியாகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.